கயோலின் மறைத்த வறட்சி

கோல சிலாங்கூரிலிருந்து ஜெராம் பக்கம் போகும் சாலையை விட்டு ஏதாவது ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால், பார்க்கும் இடமெல்லாம் கால்வாய்தான். தாழ்ந்த நிலம். கால்வாய் இல்லாவிட்டால் வேர் நீரில் மூச்சு முட்டி மரம் நிற்காது. சென்ற முறை நான் போனபோது ஒரு கால்வாயைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட கரை ஈரத்தோடு பளபளத்தது. அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறச் சேறு. கையில் எடுத்தால் வெண்ணெய் போல வழுக்கியது, அழுகிய முட்டை வாடை அடித்தது. அதற்கு மேலே, காற்றுப் பட்ட இடத்தில், வெளிர் மஞ்சள் கோடுகள். பழைய வேர்கள் போன வழியெல்லாம் யாரோ மஞ்சளை அரைத்துத் தடவி வைத்த மாதிரி இருந்தன. இன்னும் மேலே செந்துரு.

வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அந்த மஞ்சளு வந்துட்டா தண்ணி புளிச்சிரும் தம்பி. மீனு அண்டாது."

"ஏன் ஐயா அப்படி ஆகுது?"

"காய விட்டா ஆகும். ரொம்ப வடிச்சிட்டா மண்ணு கெட்டுப்போயிரும். அடியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும்."

மண்ணியல் நூல்களில் பல பக்கங்களுக்கு நீளும் சங்கதி அது. கடல்நீரில் சல்பேட் நிறைய உண்டு. அலையாத்திக் காட்டின் சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அழுகும் இலைதழையை உண்ணும்போது அந்தச் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடுகின்றன. சல்பைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை பைரைட்டால் யாருக்கும் தொல்லை இல்லை. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே இறங்கும். பைரைட் சிதைந்து கந்தக அமிலம் பிறக்கும். அந்த அமிலத்தின் நடுவே விளைவதுதான் ஜரோசைட் என்ற மஞ்சள் கனிமம். ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் தோட்டத்தில், கடல் கண்ணுக்கே தெரியாத இடத்தில், அந்த மஞ்சள் கோடு இங்கே ஒரு காலத்தில் உப்புநீர் நின்றது என்று சொல்கிறது.

சேற்றை இப்படிப் படிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. கடலோரச் சேற்றைவிடக் கடினமான ஒன்றையும் படிக்கப் போகிறோம்: வட சிலாங்கூரில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இருந்து மறைந்துபோன ஓர் ஏரியின் சேறு.

சேறு எங்கிருந்து வருகிறது? சிலாங்கூர் ஆற்றைப் பின்தொடர்ந்து மேலே போனால் கோல குபு பாரு தாண்டித் தித்திவாங்சா மலைத்தொடர் வரும். அதன் முதுகெலும்பு சுமார் 20 கோடி ஆண்டு வயதுள்ள கருங்கல். கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, மைக்கா இருக்கிறது, எல்லாவற்றையும்விட அதிகமாக ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவை ஏந்திக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது. குவார்ட்ஸ் அதற்கு அசைந்து கொடுக்காது; மணலாகக் கடல்வரை உருண்டு போகும். ஃபெல்ட்ஸ்பார் தாங்காது.

அரிசி களைவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தண்ணீர் பால் போலக் கலங்கி வரும், இரண்டாவது கொஞ்சம் தெளியும், நாலாவது ஏறக்குறையத் தெளிந்துவிடும். மழை ஃபெல்ட்ஸ்பாரைக் களைவதும் அப்படித்தான். எளிதில் கரையும் சோடியமும் கால்சியமும் முதலில் போய்விடும், பின்னாலேயே பொட்டாசியம், அப்புறம் சிலிக்காவில் ஒரு பங்கு. மிஞ்சும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் கனிமமாகின்றன. சீனாவில் பீங்கான் மண் வெட்டிய காவ்லிங் என்ற ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மழை இன்னும் விடாமல் களைந்தால் சிலிக்காவும் போய், அலுமினியம் மட்டும் கிப்சைட்டாக நிற்கும். இரும்பு துருவாகச் சிவந்து செம்புறைக்கல்லாகக் கெட்டிப்படும்.

மழை குறைந்த நாட்டில் களைவது பாதியிலேயே நின்றுவிடும். வடிகால் இல்லாத பள்ளத்தில் கால்சியமும் மக்னீசியமும் வெளியேற வழியின்றித் தங்கி, ஸ்மெக்டைட் என்ற வேறு களிமண் உருவாகும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அறிந்தவர்களுக்கு ஸ்மெக்டைட்டை அறிமுகம் செய்யத் தேவையில்லை: மழைக்கு உப்பி, வெயிலுக்குக் கால் நுழையும் அளவு வெடிக்கும் மண் அது. குளிர் நாட்டிலோ வேதி மாற்றமே மந்தம். பாறை பொடியாகி, மைக்காவுக்கு உறவான இல்லைட்டாக அப்படியே ஆற்றில் இறங்கும்.

ஆகவே கயோலின் என்றால் வெப்பமும் கொட்டும் மழையும், ஸ்மெக்டைட் என்றால் மழையும் வறட்சியும் மாறி மாறி, இல்லைட் என்றால் குளிர் அல்லது வறட்சி. பாடநூல் இப்படித்தான் சொல்லும். இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்பதைப் பத்து ஆராங்கில்தான் நான் புரிந்துகொண்டேன்.

மலாய் மொழியில் பத்து என்றால் கல், ஆராங் என்றால் கரி. ரவாங்கிலிருந்து மேற்கே போனால் வரும் சிறிய ஊர். 1915 முதல் 1960 வரை மலாயன் காலியரீஸ் நிறுவனம் இங்கே நிலக்கரி வெட்டியது. மலாயா ரயில் வண்டிகளும் மின்நிலையங்களும் இந்தக் கரியில் ஓடின. 1937இல் இங்கே நடந்த தொழிலாளர் வேலைநிறுத்தம் காலனி அரசை நடுங்க வைத்தது. செங்கல் சூளையின் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் செங்கல் சூளை ஏன் என்று யோசித்தால் ஏரியின் கதை தொடங்கிவிடும். கரி அடுக்குக்கு மேலும் கீழும் கிடந்தது களிப்பாறை. கரியை எடுக்க அதையும் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டியதைச் சூளையில் இட்டார்கள்.

அந்தக் களிப்பாறைதான் ஏரியின் அடிச்சேறு. சுற்றிலும் கென்னி ஹில் படிவங்கள் என்று அழைக்கப்படும் மிகப் பழைய குவார்ட்சைட், ஃபில்லைட் பாறைகள். அவற்றுக்கு நடுவே நிலம் அமிழ்ந்து ஒரு பள்ளத்தாக்கு உண்டானது. ஓடைகள் மணலைக் கொண்டுவந்தன. பிறகு நீர் தேங்கி ஏரியாயிற்று. மென்சேறு தகடு தகடாகப் படிந்தது. ஏரி ஆழம் குறைந்து சதுப்பாகும்போது மரங்கள் முளைத்து, விழுந்து, மக்காமல் குவிந்தன, அதுதான் நிலக்கரி. மறுபடி பள்ளம் அமிழ, மறுபடி ஏரி. இப்படி இரண்டு பெரிய கரி அடுக்குகள். சில களிப்பாறைத் தகடுகளில் பாசியின் கொழுப்பு ஊறிக் கிடப்பதால் அவற்றுக்கு எண்ணெய்க் களிப்பாறை என்று பெயர். மகரந்தத் துகள்களை வைத்து இதன் வயதை ஈயோசீன் கடைசிக்கும் ஒலிகோசீனுக்கும் இடையில் வைக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏரிக் கதை முடிந்த பிறகு, தலையளவு உருண்டைக் கற்கள் கலந்த கரடுமுரடான படிவம் ஒன்று மூடிக் கிடக்கிறது.

களிப்பாறைத் துண்டு ஒன்றை நான் உடைத்துப் பார்த்திருக்கிறேன். பழுப்பும் சாம்பலுமாக, அப்பளத்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மாதிரி பிரிந்தது. நிலவியலாளர்கள் வயலில் செய்வதை நானும் செய்தேன்: ஒரு சிறு துணுக்கை முன்பற்களுக்கிடையே வைத்து அரைத்தேன். கரகரவென்றால் குவார்ட்ஸ் தூள் கலந்த வண்டல். வழுவழுவென்று கரைந்து நாக்கில் ஒட்டினால் களிமண். இது முதலில் வழுவழுத்து, கடைசியில் லேசாகக் கரகரத்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் மறைவாக மண் தின்பதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். அந்த ருசி எனக்குப் புரிந்தது. மழைக்கால முதல் தூறலின் மணம் நாக்கில் இறங்கிய மாதிரி.

பல்லால் அறிவது அவ்வளவுதான். அதற்கு மேல் எக்ஸ்கதிர் வேண்டும். களிமண் கனிமங்கள் எல்லாமே நுண்ணிய ஏடுகளை அடுக்கிய புத்தகங்கள். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் உள்ள தூரம் கனிமத்துக்குக் கனிமம் வேறு. அதை ஆங்ஸ்ட்ராம் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு. கயோலினைட்டுக்கு 7, இல்லைட்டுக்கு 10. சேற்றை நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியபின் மேலே மிதக்கும் மென்துகளை மட்டும் கண்ணாடித் தகட்டில் உலர்த்தி, எக்ஸ்கதிரை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாய்ச்சினால் அந்தந்தத் தூரத்துக்குரிய இடத்தில் கோட்டுப்படம் முகடாக எழும். ஸ்மெக்டைட்டைப் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு: தகட்டைக் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் வைத்தால் ஏடுகள் உப்பி, 14 பக்கம் இருந்த முகடு 17க்கு நகர்ந்துவிடும். கயோலினைட்டை உறுதி செய்ய 550 டிகிரியில் சுடுவார்கள். ஏடுகள் குலைந்து முகடு மறையும். செங்கல் சூளையில் நடப்பதும் இதேதான். பத்து ஆராங்கின் சூளைக்காரர்கள் மூன்று கோடி ஆண்டுப் பழைய ஏரியின் கயோலினைக் குலைத்துத்தான் செங்கல் செய்தார்கள்.

பத்து ஆராங் களிப்பாறையில் முன்வரிசையில் நிற்பவை கயோலினைட்டும் குவார்ட்ஸும். பாடநூல் கணக்குப்படி வெப்பமும் பெருமழையும். இன்றைய சிலாங்கூர் போலவே. நிலக்கரியும் அதற்கு ஒத்துப்போகிறது, ஏனென்றால் ஆண்டு முழுவதும் ஈரம் காக்கும் சதுப்பு இல்லாமல் அவ்வளவு மரம் மக்காமல் கிடக்காது.

ஆனால் அந்தக் கயோலின் எப்போது பிறந்தது? ஏரி இருந்த காலத்தில் சரிவுகளில் பெய்த மழையாலா, அதற்கும் முன்னால் பல கோடி ஆண்டு ஊறிக் கிடந்த பழைய மண் அரித்து வந்ததாலா? ஏரியைச் சுற்றி இருந்த கென்னி ஹில் பாறைகளே வேறொரு யுகத்தின் மணலும் சேறும் இறுகியவை; அதிலிருந்து உதிர்ந்த துகள் இரண்டு முறை பயணம் செய்தது. இந்த மாதிரி நாட்டில் கயோலின் எங்கும் கிடக்கும். மழை ஆயிரம் ஆண்டு பொய்த்தாலும், ஆறு பழைய கயோலினை அரித்து ஏரியில் கொட்டிக்கொண்டேதான் இருக்கும். ஏரிச் சேற்றில் கயோலினை மட்டும் எண்ணுகிறவருக்கு அந்த வறட்சி தெரியவே தெரியாது. வெப்பமண்டலத்தின் பழைய தட்பவெப்பத்தைக் களிமண்ணை மட்டும் வைத்துப் பேசும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறுத்தல் வரும்.

அதனால் வேறு தடயம் தேட வேண்டும். எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தால், இருந்த இடத்திலேயே வளர்ந்த கயோலின் ஏடுகள் கலையாமல், மண்புழு நெளிந்தாற்போல அடுக்கடுக்காக நிற்கும். உருண்டு வந்தது விளிம்பு தேய்ந்த செதிள்களாகக் கிடக்கும். இரும்பும் பேசும். காற்றில்லாத சேற்றில் சல்பேட் இருந்தால் இரும்பு பைரைட் ஆகும் என்று பார்த்தோம். நன்னீர் ஏரியில் சல்பேட் மிகச் சொற்பம். அங்கே அதே இரும்பு கார்பனேட்டோடு சேர்ந்து சிடரைட் ஆகும். பத்து ஆராங் நிலக்கரியில் கந்தகம் குறைவு. கடல் உள்ளே வரவில்லை, மழைநீரில் வாழ்ந்த ஏரி அது. மேலே மூடிய உருண்டைக் கற்களைப் பொறுத்தவரை நான் அவசரப்படமாட்டேன். மழை முறை மாறிப் புயல் வெள்ளம் கற்களை உருட்டியிருக்கலாம். பள்ளத்தின் விளிம்பு மேலெழும்பிச் சரிவு செங்குத்தாகியும் இருக்கலாம். அந்த ஏரியின் காலகட்டத்தை ஒட்டித்தான், 3 கோடியே 39 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈயோசீன் முடியும்போது, அண்டார்க்டிகாவில் பனிப்பாளம் பிடித்து உலகம் குளிர்ந்தது. இரண்டையும் முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. கற்கள் மட்டும் அதற்குப் போதாது.

கயோலின் மறைக்கும் வறட்சி சிலாங்கூரில் உண்மையிலேயே இருந்ததா? இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது நம் எல்லோருக்கும் தெரிந்த இடம்.

பத்துமலையில் தைப்பூசத்துக்கு 272 படி ஏறியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அந்தச் சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் வௌவால் எச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குவிந்து கிடக்கிறது. வௌவால் பூச்சியைத் தின்கிறது, பூச்சி செடியைத் தின்கிறது. காட்டு மரங்களும் வெப்பநாட்டுப் புற்களும் கரியமில வாயுவை உள்வாங்கும் முறை வேறு வேறு. அதனால் அவற்றிலுள்ள கார்பனில் கனமான வகையின் பங்கும் வேறு. அந்த வேறுபாடு பூச்சியின் ஓட்டில் ஏறி, வௌவாலின் எச்சத்தில் தங்கிவிடும். கிறிஸ்டோபர் வுர்ஸ்டர், மைக்கேல் பேர்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, கடைசிப் பனியுகத்தில் பத்துமலையைச் சுற்றி மழைக்காடு சுருங்கிப் புல்வெளி பரந்திருந்தது என்று காட்டியது. இன்று கோலாலம்பூர் நிற்கும் இடத்தில் புல்வெளி! நீலகிரியின் சதுப்பில் சுகுமார், ரமேஷ் முதலியோர் 1993இல் இதே கார்பன் முறையால்தான் பனியுகத்தில் பருவமழை நலிந்ததைக் கண்டார்கள். ஊட்டியும் பத்துமலையும் ஒரே வறட்சியில் காய்ந்திருந்தன என்று நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அப்போது, சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணை தரை. கோல சிலாங்கூரிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போகலாம். பிறகு துருவப் பனி உருக, கடல் ஏறியது. ஏறி, இன்றைய மட்டத்தையும் தாண்டியது. கெய், குட்ராஸ், ஸ்ட்ரைஃப் என்ற மூன்று ஜெர்மானியர்கள் 1979இல் மலாக்கா நீரிணைச் சேற்றை ரேடியோகார்பன் முறையில் வயது கணித்து, ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 5 மீட்டர் வரை உயர்ந்து நின்றதைக் காட்டினார்கள். தைப்பிங் கடலோரச் சமவெளியைத் துளையிட்டு ஆராய்ந்த நிலவியலாளர் சுந்தரலிங்கம், தியோவுடன் சேர்ந்து 1985இல் வெளியிட்ட அறிக்கையில் அந்தக் கடல் களிமண்ணை அதன் கீழுள்ள பழைய ஆற்றுப் படிவத்திலிருந்தும் மேலுள்ள ஆற்று வண்டல், முற்றா நிலக்கரியிலிருந்தும் (பீட்) பிரித்து வரிசைப்படுத்தியிருக்கிறார். அதே வரிசைதான் தெற்கே நம் பக்கமும். அந்தக் காலத்தில் கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவத்தி குன்று கடலில் தலைநீட்டிய தீவு. கடல் பின்வாங்கியபோது அலையாத்திச் சேறு தோட்டங்களின் அடியில் தங்கியது. அதற்கும் உள்ளே, தஞ்சோங் காராங் வயல்களுக்குக் கிழக்கே, நன்னீர் தேங்கிய இடத்தில் மரங்கள் மக்காமல் குவிந்து வட சிலாங்கூரின் முற்றா நிலக்கரிக் காடு வளர்ந்தது. பத்து ஆராங் ஏரியில் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது அங்கே இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

கால்வாய்க் கரையின் மஞ்சள் கோட்டுக்குக் கீழே இருந்த நீலச் சேறு அந்தக் கடலுடையது.

இதற்கு மேல் படிந்த அடுக்கில் மனிதன் வருகிறான். சிலாங்கூர் ஆற்றின் தலைப்பகுதியில் லம்பம் என்று சொல்லும் வெள்ளீயச் சுரங்கங்கள் மலையைக் கரைத்து ஆற்றில் விட்டன. பழைய கோல குபு ஊர் அந்த வண்டலில் மூழ்கி மூழ்கி, கடைசியில் மக்கள் அதைக் கைவிட்டு இன்றைய கோல குபு பாருவுக்குக் குடிபெயர்ந்தார்கள். கீழே பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயக் கப்பல்கள் தோண்டிய பள்ளங்கள் இப்போது குட்டைகள். 2014 வறட்சியின்போது அந்த நீரைக் குடிநீருக்காக ஆற்றில் இறைத்தார்கள். அவையும் ஏரிகள்தான். தோட்டத்துக்குள் இருக்கும் பழைய குட்டைகளும் அப்படியே. ஒவ்வொரு மழைக்கும் ஒரு மெல்லிய தகடு அவற்றின் அடியில் படிகிறது.

அங்கே ஒரு குழாயைச் செருகிச் சேற்றைத் தூண் போல வெளியே எடுத்தால் என்ன தெரியும் என்று அடிக்கடி யோசிப்பேன். கயோலின் வழக்கம்போல் எல்லா ஆழத்திலும் இருக்கும். ஆனால் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பெயர் தென்னமரம், தமிழ்ப் பெயர். அதற்கு முன் இந்த மண்ணில் தோட்டப் பயிராக இல்லாத ஆப்பிரிக்கப் பனையின் மகரந்தம் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் பெருமளவில் தலைகாட்ட முடியும். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து செம்பனைத் தோட்டங்களில் விட்டார்கள். பூவுக்குப் பூ மகரந்தம் சுமப்பது அதன் வேலை. அதன் கெட்டியான சிறகுறை சேற்றில் மக்காமல் கிடக்கும்.

1981க்கு முன் அந்த வேலையைச் செய்தவர்கள் நம் பெண்கள். ஆண்பூவின் தூளைச் சேகரித்து, டால்க் மாவில் கலந்து, மரம் மரமாகப் பெண்பூவில் தூவினார்கள். என் அம்மாவும் அந்த வேலைக்குப் போனவர். மாலையில் வீடு திரும்பும்போது முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் வெளுத்திருக்கும். பின்கட்டுக் குழாயடியில் உதறி அலசுவார், வெள்ளை நீர் கால்வாயில் ஓடும். டால்க் ஒரு கனிமம். தித்திவாங்சாவின் கருங்கல் சிதைந்து டால்க் உண்டாவதில்லை. எக்ஸ்கதிர்ப் படத்தில் அதன் முகடு 9.3இல், இல்லைட்டின் 10க்குச் சற்றுத் தள்ளி எழும். தோட்டத்துக் குட்டையின் சேற்றில், வண்டின் சிறகுறை தொடங்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே, அந்த 9.3ஐத் தேடிப் பார்க்க வேண்டும்.